ஆயுத இறக்குமதி வரைபடத்தை எப்படி வாசிப்பது? இலங்கையும் பழைய திருவிதாங்கூரும்

அக்கா மகன் நாகர்கோவிலில் பொருளாதாரம் படிக்கிறான். போன மாதம் அவனுக்குக் கல்லூரியில் ஒரு செமினார். ஒரு சிறிய நாடு 1950 முதல் இன்றுவரை எவ்வளவு ஆயுதம் இறக்குமதி செய்திருக்கிறது என்று பேச வேண்டும். அவன் இலங்கையை எடுத்துக்கொண்டான். கன்னியாகுமரியில் நிற்பவருக்குச் சென்னையை விடக் கொழும்புதான் பக்கம். என் சின்ன வயதில் வீட்டு ரேடியோவில் கொழும்புதான் தெளிவாகக் கேட்கும். அந்த நாட்டுப் போர்ச் செய்திகளைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அவனுக்கோ அது பிறப்பதற்கு முந்தைய கதை.

உலக வங்கித் தளத்திலிருந்து ஒரு பட்டை வரைபடத்தை இறக்கி வைத்திருந்தான். வருடத்துக்கு ஒரு பட்டை. சில வருடங்கள் பனை உயரம், சில வருடங்கள் தரையோடு தரை. “மாமா, இந்த வருஷம் இத்தனை மில்லியன் டாலருக்கு ஆயுதம் வாங்கியிருக்காங்க, அடுத்த வருஷம் ஒண்ணுமே வாங்கல. ஏன்?” என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்குள் தவறான எண்ணங்கள் மூன்று இருந்தன. முதல் தடவை இந்த வரைபடத்தைப் பார்க்கும் யாருக்கும் அவை வரும். எனக்கும் வந்தவைதான்.

அது பணம் அல்ல

உலக வங்கி இந்த எண்களைத் தானாகத் திரட்டுவதில்லை. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் 1966இல் தொடங்கிய சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்திடமிருந்து வாங்கிப் போடுகிறது. சுருக்கமாகச் ‘சிப்ரி’ என்பார்கள். எந்த நாடு எந்த நாட்டுக்கு என்ன பெரிய ஆயுதம் கொடுத்தது என்பதை 1950 முதல் தொகுத்து வைத்திருப்பது அவர்கள்தான். அவர்கள் பயன்படுத்தும் அளவுகோலின் பெயர் ‘டி.ஐ.வி.’. தமிழில் ‘போக்குக் குறியீட்டு மதிப்பு’ எனலாம். நான் இங்கே ‘புள்ளி’ என்றே எழுதுகிறேன்.

இதை அவனுக்கு அவன் வீட்டு வள்ளத்தை வைத்தே விளக்கினேன். என் அத்தான், அதாவது அவன் அப்பா, குளச்சலில் பைபர் வள்ளம் வைத்திருக்கிறார். வள்ளம் புதிதாக வாங்கியது. எஞ்சின் முட்டத்தில் ஒருவர் ஓட்டிக் கழித்தது. வலையில் பாதி அவருடைய மாமன் சும்மா கொடுத்தது. இப்போது கணக்கை இரண்டு விதமாகப் போடலாம். கையிலிருந்து எவ்வளவு பணம் போனது என்று ஒரு கணக்கு. கடலுக்குப் போக எவ்வளவு பலம் வீடு வந்து சேர்ந்தது என்று இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் மாமன் கொடுத்த வலைக்கு மதிப்பு சுழியம். இரண்டாவது கணக்கில் அந்த வலைக்கும் முழு இடம் உண்டு. ஏனென்றால் மீன் பிடிப்பது பில் அல்ல, வலை.

சிப்ரி போடுவது இரண்டாவது கணக்கு. வந்து சேர்ந்த பலத்தை எண்ணுகிறார்கள். ஆயுத வியாபாரத்தில் உண்மையான விலை வெளியே வருவது அரிது. நட்பு விலை, கடன் விலை, முழு இனாம் என்று எல்லாம் நடக்கும். ஒரே விமானத்தை ஒரு நாடு விலைக்கு வாங்கும், இன்னொரு நாடு சும்மா பெறும். பணத்தை வைத்து எண்ணினால் இரண்டாவது நாட்டுக்கு விமானமே வரவில்லை என்று ஆகிவிடும்.

அதனால் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அதைச் செய்ய ஆகும் செலவை அடிப்படையாக வைத்து ஒரு நிலையான புள்ளி கொடுக்கிறார்கள். செலவு தெரியாத ஆயுதமானால் எடை, வேகம், போகும் தூரம், செய்த காலம் இவற்றைப் பார்த்துத் தெரிந்த ஆயுதத்தோடு ஒப்பிடுகிறார்கள். அவர்களே சொல்லும் ஓர் உதாரணம் இது. 2009இல் ஜெர்மனி 6 யூரோஃபைட்டர் போர் விமானங்களை ஆஸ்திரியாவிடம் ஒப்படைத்தது. ஒரு விமானத்துக்கு 55 மில்லியன் புள்ளி. ஆக 330 மில்லியன் புள்ளி. ஆஸ்திரியா கொடுத்த காசு எவ்வளவு என்ற பேச்சே இதில் இல்லை.

ஓட்டிக் கழித்த எஞ்சினுக்கும் இங்கே விதி உண்டு. இன்னொரு படையில் வேலை செய்துவிட்டு வந்த ஆயுதம் என்றால் புதியதன் மதிப்பில் 40 சதவீதம். கொடுக்கும் முன்னால் பெரிய அளவில் பழுதுபார்த்துப் புதுப்பித்திருந்தால் 66 சதவீதம். புதுக் கப்பல் ஒன்றுக்கு 50 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதே கப்பல் பழையதாக வந்தால் 20. பட்டறையில் ஏற்றிப் புதுப்பித்து வந்தால் 33.

“அப்ப வலைக்கு எத்தனை புள்ளி மாமா?” என்றான். அங்கேதான் அடுத்த விஷயம் வருகிறது. எல்லாப் பொருளும் கணக்கில் ஏறாது. விமானம், கப்பல், கவச வண்டி, ஏவுகணை, ரேடார், 100 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வாயகலம் உள்ள பீரங்கி, இப்படிப் பெரியவைதான் ஏறும். துப்பாக்கி, தோட்டா, சின்ன மோர்ட்டார் (குண்டை மேல்நோக்கி எறியும் குட்டைக் குழாய்) எதுவும் ஏறாது. 120 மில்லிமீட்டர் மோர்ட்டாருக்கு இடமுண்டு, 81 மில்லிமீட்டருக்கு இல்லை. இது பெரிய குறை. உள்நாட்டுப் போரில் உயிரை எடுப்பதில் துப்பாக்கியும் சின்ன மோர்ட்டாரும் விமானத்துக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் பெட்டி பெட்டியாகப் போகும் துப்பாக்கிகளை வெளியிலிருந்து எண்ண முடியாது. கப்பலையும் விமானத்தையும் மறைப்பது கடினம். எண்ண முடிந்ததை எண்ணியிருக்கிறார்கள்.

உள்ளூரில் செய்ததும் வராது. இலங்கைக் கடற்படை தானே கட்டிய ‘ஏரோ’ சிறு படகுகளும், தரைப்படை தன் பட்டறையில் செய்த ‘யூனிபஃபல்’ கவச வண்டிகளும் போரில் நிறையப் பயன்பட்டன. இறக்குமதி வரைபடத்தில் அவற்றைத் தேடக் கூடாது.

பட்டை ஏன் குதிக்கிறது?

அத்தான் வள்ளம் வாங்கிய வருடத்தை மட்டும் பார்த்தால் அவர் பெரிய செலவாளி. அடுத்த பத்து வருடத்தைப் பார்த்தால் கை இறுக்கக்காரர். இரண்டும் பொய். வள்ளம் தினமும் வாங்கும் பொருள் அல்ல, அவ்வளவுதான். இந்தியா போன்ற பெரிய நாட்டில் ஏதாவது ஒன்று வருடா வருடம் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கோடு ஓரளவு சமமாகப் போகும். சின்ன நாட்டுக்கு ஒரு கப்பல் வந்தால் அந்த வருடப் பட்டை முழுவதும் அந்த ஒரு கப்பல்தான். ‘ஒரே வருடத்தில் ஆயுத இறக்குமதி பத்து மடங்கு உயர்வு’ என்று ஒரு சின்ன நாட்டைப் பற்றித் தலைப்புச் செய்தி வந்தால் பதற வேண்டாம். ஒரு கப்பல் வந்திருக்கும். சிப்ரியே ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடாமல், ஐந்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்துத்தான் பேசும்.

பட்டை எந்த வருடத்தில் நிற்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். அது பொருள் வந்து சேர்ந்த வருடம், கையெழுத்துப் போட்ட வருடம் அல்ல. கோவா கப்பல் கட்டும் தளத்தில் இலங்கைக்காகக் கட்டிய சயுரால என்ற 105 மீட்டர் ரோந்துக் கப்பல் 2017 கணக்கில் வரும். ஒப்பந்தம் போட்டது 2014இல், ராஜபக்ச ஆட்சியில். 2015 ஜனவரியில் ஆட்சி மாறிவிட்டது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் அந்தக் கப்பலைச் சிறிசேன அரசின் முடிவு என்று எழுதிவிடுவார். என் மருமகனும் அப்படித்தான் எழுதியிருந்தான்.

இலங்கையின் பட்டைகளுக்குள் என்ன இருக்கிறது

ஆரம்பத்தில் எல்லாம் பிரிட்டன். 1948இல் சுதந்திரம், 1950இல் கடற்படை, 1951இல் விமானப்படை. முதல் கப்பலான விஜயா, பிரிட்டிஷ் கடற்படையில் ஓடிய, கடலில் கண்ணிவெடி அகற்றும் கப்பல். திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்கா விமானத் தளத்தையும் பிரிட்டன் விட்டுப் போனதே 1957இல்தான். பட்டைகள் சின்னவை, பக்கத்தில் எழுத வேண்டிய பெயரும் ஒன்றே ஒன்று.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா உதவி கேட்டார். அப்போது யார் யார் ஓடி வந்தார்கள் என்று பாருங்கள்: இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் யூனியன், யூகோஸ்லாவியா. ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் ஒரே வாசலில் நின்றார்கள். சோவியத் மிக்-17 விமானங்கள் வந்தன. அடுத்த வருடம் சீனப் பீரங்கிப் படகுகள் வந்தன. கூட்டுச் சேரா நாடு என்று சொல்லிக்கொள்வதன் பொருளை இந்த ஒரு பட்டையைப் பிரித்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். எல்லோரிடமும் வாங்கலாம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கடமைப்பட்டும் இருக்க வேண்டும்.

1983க்குப் பிறகு நிலைமை வேறு. போர் தமிழர்களுக்கு எதிராக என்றானதும் இந்தியாவிடம் ஆயுதம் கேட்க முடியவில்லை. மேற்கு நாடுகளில் பலவும் பெரிய ஆயுதம் தரத் தயங்கின. அதனால் பெயர்ப் பட்டியல் மாறியது. இஸ்ரேலிலிருந்து வேகப் படகுகள், தென்னாப்பிரிக்காவிலிருந்து ‘பஃபல்’ கவச வண்டிகள், 1991இல் சீனாவிலிருந்து எஃப்-7 விமானங்கள். 1995இல் போர் மறுபடி தொடங்கியதும் எம்.ஐ.-24 ஹெலிகாப்டர்கள். 1996இல் இஸ்ரேலின் கிஃபீர் போர் விமானங்கள்.

கிஃபீர் என்ற இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். எங்கள் மாவட்டத்திலும் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம்கள் உண்டு. அங்கே வயதான ஒரு அம்மாவோடு நான் பேசியிருக்கிறேன். விமானத்தின் பெயர், ரகம் எதுவும் அவருக்குத் தெரியாது. மேலே வந்த ஜெட் எல்லாமே அவருக்குக் ‘கிபிர்’. சத்தம் கேட்டதும் சமையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கியதைச் சொன்னார். ஒருநாள் உலையில் கிடந்த அரிசி கருகிப்போனதை, அது நேற்று நடந்ததுபோல வருத்தத்தோடு சொன்னார். அந்த அம்மாவின் பங்கரும் இந்தப் பட்டைக்குள் இருக்கிறது என்று மருமகனிடம் சொன்னேன். புள்ளி எண்ணுவது தப்பில்லை. அந்தப் புள்ளிகள் எங்கே போய் விழுந்தன என்பதையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி 2000ஆம் ஆண்டு. அந்த ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் புலிகள் கைக்குப் போனது. மே மாதம் இலங்கை இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவை மீண்டும் தொடங்கியது. ஒரு மாத இடைவெளிதான். அரபு நாடுகளில் வேலை செய்யும் லட்சக்கணக்கான இலங்கையர்களை நினைத்து அதுவரை தள்ளிப்போட்டு வந்த முடிவு அது. அவசரத்தில் மேலும் கிஃபீர்கள், உக்ரைனிலிருந்து மிக்-27, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பல்குழல் ராக்கெட் ஏவிகள் என்று குவிந்தன. அதே வருடம் இந்தியா ‘சரயு’ என்ற தன் ஆழ்கடல் ரோந்துக் கப்பலைக் கொடுத்தது. அதற்கு ‘சயுர’ என்று பெயர் வைத்தார்கள். மறு வருடம் 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்கா தளம் தாக்கப்பட்டு, வாங்கிய விமானங்களில் சில தரையிலேயே எரிந்தன. போனதற்குப் பதிலாகத் திரும்ப வாங்க வேண்டி வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டை உயர்ந்தால் படை பெருத்தது என்று பொருள் இல்லை. கிழிந்த வலைக்குப் பதில் வாங்கும் வலையும் செலவுக் கணக்கில் புதிய வலைதான்.

புள்ளி குறைவாக இருந்தால் வேலையும் குறைவு என்பதும் தவறு. இந்தியா கொடுத்த பழைய சயுர, அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஓட்டிவிட்டுக் கொடுத்த சமுதுர ஆகிய கப்பல்கள்தான் 2007இல் ஆழ்கடலுக்குப் போய்ப் புலிகளின் ஆயுதக் கப்பல்களை மூழ்கடித்ததில் முன்னால் நின்றன. புதுக் கப்பலின் பாதி மதிப்புக்கு முன்பின்னாகக் கணக்கில் ஏறிய இரண்டு பழைய கப்பல்கள் ஒரு போரின் போக்கையே திருப்பின. டி.ஐ.வி. அதைச் சொல்லாது. சொல்வதற்காகச் செய்யப்பட்ட அளவுகோலும் அல்ல.

2009 மே மாதம் போர் முடிந்தது. பட்டைகள் படுத்தன. பிறகு 2017, 2018, 2019 வாக்கில் மறுபடி எழுந்தன. இந்தத் தடவை விமானம் இல்லை, கப்பல். கோவாவிலிருந்து சயுரால, சிந்துரால. 2019இல் கஜபாகு, அமெரிக்காவில் ‘ஷெர்மன்’ என்ற பெயரில் 1968 முதல் ஓடிய கப்பல். வியட்நாம் போரைப் பார்த்த அந்தக் கப்பல் ஐம்பது வயதில் இலங்கைக்கு வந்தது. அதே 2019இல் சீனாவும் தான் ஓட்டிய ஒரு போர்க்கப்பலைப் பரிசாகக் கொடுத்தது. அதன் பெயர் பராக்கிரமபாகு. ஒரே வருடம், ஒரே கடற்படை, அமெரிக்கா ஒன்று, சீனா ஒன்று. போர் முடிந்த நாட்டுக்கு எதற்கு இத்தனை பரிசு? இலங்கைக்குத் தெற்கே போகும் கப்பல் பாதைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கன்னியாகுமரிக் கரையில் இரவில் நின்று பார்த்தால் தூரத்தில் வரிசையாக நகரும் விளக்குகள் அந்தப் பாதைக்குப் போகிறவை அல்லது அங்கிருந்து வருகிறவை.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. பெட்ரோலுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. அந்த வருடமும் ஆயுதக் கணக்கு வெறுமையாக இல்லை. ஆகஸ்ட் 15 அன்று இந்தியா ஒரு டோர்னியர் கடல் கண்காணிப்பு விமானத்தைக் கொடுத்தது. மறுநாள் சீனாவின் ‘யுவான் வாங் 5’ என்ற செயற்கைக்கோள் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கையில் காசே இல்லாத நாட்டுக்கும் பட்டை இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சுழியம் என்றால்?

மருமகனின் கடைசிக் கேள்வி சுழியத்தைப் பற்றியது. அட்டவணையில் ‘0’ என்று இருந்தால் அரை மில்லியன் புள்ளிக்கும் குறைவாக ஏதோ வந்திருக்கிறது என்று பொருள். கட்டம் காலியாக இருந்தால்தான் பெரிய ஆயுதம் எதுவும் தென்படவில்லை என்று பொருள். இது சின்ன விஷயம். இதைவிடப் பெரிய விஷயத்தைச் சொல்ல அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை புலியூர்க்குறிச்சிக்கு, உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டம் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் என்ற சின்ன நாட்டின் தென்கோடி. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவரிடமே தளபதியாகி, உதயகிரியில் பீரங்கி வார்க்கும் பட்டறை நடத்தினார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை கோட்டைக்குள் இடிந்த தேவாலயத்தில் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். திருவிதாங்கூர் இறக்குமதி செய்ததில் விலைமதிப்பானது அந்த மனிதரின் கைவேலை அறிவுதான். அது எந்த ஆயுதப் பட்டியலிலும் ஏறாது.

தோற்ற டச்சுக்காரர்கள் பன்னிரண்டு வருடம் கழித்து ஆயுத வியாபாரியாகத் திரும்பி வந்தார்கள். 1753இல் மாவேலிக்கரையில் போட்ட ஒப்பந்தப்படி அவர்களுக்கு மிளகு, திருவிதாங்கூருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்த்தளவாடம். வரைபடம் வரைந்தால் இங்கே வருடா வருடம் சீரான ஒரு பட்டை நிற்கும்.

அப்புறம் ஆங்கிலேயர் காலம். 1805 ஒப்பந்தப்படி அவர்களுடைய படை நாட்டைக் காக்கும், அதற்குத் திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அந்தத் தொகை கழுத்தை நெரித்தது. நம் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809இல் எழுந்து, தோற்று, மாண்டார். திருவிதாங்கூரின் சொந்தப் படையில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டார்கள்.

இப்போது பட்டை எங்கே நிற்கும் என்று மருமகனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். 8 லட்சம் ஆயுதத்துக்கான பணம் அல்ல, அதனால் கணக்கில் ஏறாது. போருக்குப் போகும் சொந்தப் படை இல்லை, அதனால் ஆயுதமும் வராது. “சுழியம் மாமா” என்றான். இறக்குமதி சுழியத்துக்கு இறங்கிய அதே காலத்தில்தான் இந்த நாடு அடுத்தவர் கையை முழுக்க நம்பி நின்றது.

வீட்டுக்குத் திரும்பி சிப்ரியின் கொடுக்கல் பதிவேட்டைத் திறந்தோம். நீங்களும் திறந்து பார்க்கலாம், காசு கட்ட வேண்டாம். யார் கொடுத்தது, எத்தனை, என்ன ரகம், ஆர்டர் கொடுத்த வருடம், வந்த வருடம் என்று வரி வரியாக இருக்கும். வருடத்தை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் அவர்களுக்கே அது உறுதியில்லை என்று பொருள். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்தில் குறிப்பு இருக்கும். பழையதா, இனாமா, என்ன பெயரில் ஓடுகிறது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். பட்டை வரைபடத்தில் இவை எதுவுமே இல்லை.

மருமகன் தன் வரைபடத்தை ஐந்தைந்து வருடமாகத் திரும்ப வரைந்தான். ஒவ்வொரு பட்டையையும் கொடுத்த நாட்டின் பெயரால் பிரித்து, இனாமாக வந்ததற்கு மஞ்சள் நிறம் கொடுத்தான். கடைசிப் பட்டைகளில் மஞ்சள் நிறையவே இருந்தது. சயுராலக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘ஒப்பந்தம் 2014’ என்று எழுதிவிட்டுச் சாயா குடிக்கப் போனான்.